வாயில் மாட்டும் குறட்டைக் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல் மருத்துவர். குறட்டைக்கும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவுக்கும் வாயில் மாட்டிக்கொள்ளும் கருவிகளைப் பல வருடங்களாகச் செய்து கொடுத்து வருகிறேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பவை, வீட்டுக்குப் போன பிறகு போன் செய்து கேட்பவை, ஒரு வருடம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்பவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டியதை மட்டும் படித்தாலும் சரி. ஆனால் "குறட்டை நின்றுவிட்டது, அப்புறம் எதற்குப் பரிசோதனை?" என்ற கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

இது என்ன கருவி? பார்க்க எப்படி இருக்கும்?

மேல்பற்களுக்கு ஒன்று, கீழ்ப்பற்களுக்கு ஒன்று என இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள். பல் சீரமைப்பு முடிந்தவர்கள் இரவில் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையைப் பார்த்திருந்தால், அதையே கொஞ்சம் தடிமனாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுகளையும் பக்கவாட்டில் ஒரு கம்பியோ, பட்டையோ, ஒன்றன்மேல் ஒன்று முட்டி நிற்கும் சிறு இறக்கைகளோ இணைத்திருக்கும். மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னே வந்து அங்கேயே நிற்கும். இரவு முழுக்க அது செய்யும் வேலை அவ்வளவுதான்.

நாக்கைப் பிடித்துவைக்கும் இன்னொரு வகையும் உண்டு. மென்மையான சிலிக்கோன் குமிழுக்குள் நாக்கின் நுனியை நுழைத்தால், உறிஞ்சும் விசையில் அது நாக்கைப் பிடித்துக்கொள்ளும். நாக்கு தொண்டைக்குள் சரியாது. 1982-ல் ரோசலிண்ட் கார்ட்ரைட், சார்லஸ் சாமெல்சன் இருவரும் ஸ்லீப் ஆப்னியாவுக்கு இதைப் பயன்படுத்திப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார்கள். பற்களே இல்லாதவர்களுக்கு இது ஒரு வழி. ஆனால் பழகிக்கொள்வது கடினம், பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இனி இந்தப் பக்கத்தில் "கருவி" என்று சொல்வதெல்லாம் தாடையை முன்னே கொண்டுவரும் வகையைத்தான்.

தாடையை முன்னே தள்ளினால் குறட்டை எப்படி நிற்கும்?

மயங்கிக் கிடப்பவருக்கு முதலுதவி செய்பவர்கள், அவருடைய கீழ்த்தாடையை இரண்டு கைகளாலும் முன்னோக்கித் தூக்கிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாடை முன்னே வந்தவுடன் மூச்சு தடையில்லாமல் போய்வரும். இந்தக் கருவி ராத்திரி முழுக்கச் செய்வதும் அதையேதான்.

மூக்குக்குப் பின்னால் தொடங்கிக் குரல்வளை வரை இருக்கும் தொண்டைப் பகுதிக்கு எலும்புச் சுவர் கிடையாது. சுற்றிலும் தசைதான். விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் விறைப்பாக இருந்து வழியைத் திறந்து வைக்கின்றன. தூங்கியவுடன் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும், வாயின் மேற்கூரையில் பின்பக்கம் இருக்கும் மென்மையான பகுதியான மெல்லண்ணமும் பின்னால் சாய்கின்றன. வழி குறுகும்போது காற்று வேகமாகப் பாய்கிறது. மெல்லண்ணமும் உள்நாக்கும் அதில் படபடக்கின்றன. அந்தச் சத்தம்தான் குறட்டை. வழி இன்னும் குறுகி ஒட்டிக்கொண்டால் சத்தமே இருக்காது, ஏனென்றால் காற்றே போகவில்லை. நெஞ்சு மட்டும் இழுத்து இழுத்துப் போராடும். கடைசியில் மூளை அரைகுறையாக விழித்துத் தசைகளை இறுக்கும். ஒரு பெரிய கொர்ரென்ற சத்தத்தோடு மூச்சு திரும்பும். இப்படி ஒரு இரவில் நூற்றுக்கணக்கான முறைகூட நடக்கலாம், காலையில் ஒன்றுகூட நினைவில் இருக்காது.

நாக்கின் பெரிய தசை கீழ்த்தாடையின் உள்பக்கத்தில், முன்பற்களுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. அதனால் தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே வருகிறது. அதோடு முடிவதில்லை. நாக்கிலிருந்து மெல்லண்ணத்துக்குப் போகும் தசைநார்களும் இழுபடுவதால் தொண்டையின் பக்கச் சுவர்களும் விறைக்கின்றன. ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள் கண்டது இதுதான்: வழி முன்பின்னாக அகலுவதைவிட, மெல்லண்ணத்துக்குப் பின்னால் பக்கவாட்டில்தான் அதிகம் அகலுகிறது. தாடையில் செய்யும் ஒரு வேலை அவ்வளவு மேலே போய்ப் பலன் தருவது எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது.

எனக்கு இருப்பது வெறும் குறட்டையா, ஸ்லீப் ஆப்னியாவா?

கேட்டு மட்டும் யாராலும் சொல்ல முடியாது. உரக்கக் குறட்டை விடும் சிலருக்கு ஆப்னியா இருக்காது. மெல்லிய குறட்டை விடும் சிலருக்கு மோசமாக இருக்கும். சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் உண்டு: பக்கத்தில் படுத்திருப்பவர் "நடுவில் மூச்சே வரவில்லை, பயந்துவிட்டேன்" என்று சொல்வது, மூச்சு முட்டி எழுவது, காலையில் தலைவலி, வாய் வறண்டு எழுவது, ராத்திரி பலமுறை சிறுநீர் கழிக்கப் போவது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுவது, மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத ரத்த அழுத்தம். பெண்களுக்கு இது பெரும்பாலும் வேறு முகத்தோடு வருகிறது. தூக்கம் பிடிக்கவில்லை, எப்போதும் களைப்பு, மனச்சோர்வு என்றுதான் சொல்வார்கள், அதனாலேயே கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

உறுதிப்படுத்தத் தூக்கப் பரிசோதனை வேண்டும். மையத்தில் ஒரு இரவு தங்கி மூளை அலை, இதயத் துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் பதிவது ஒரு முறை. பதிவு செய்யும் சிறு பெட்டி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டிக்கொண்டு தூங்குவது இன்னொரு முறை. முடிவில் ஏ.ஹெச்.ஐ. என்று ஒரு எண் வரும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதே அந்த எண். குறைந்தது 10 வினாடி நீடித்தால்தான் கணக்கில் சேரும். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழ் இயல்பு. 5 முதல் 15-க்குள் லேசானது, 15 முதல் 30-க்குள் மிதமானது, 30-ம் அதற்கு மேலும் தீவிரம்.

இது அரிதான நோய் என்று நினைக்காதீர்கள். 30 முதல் 69 வயதுக்குள் உலகம் முழுவதும் சுமார் 93 கோடிப் பேருக்கு ஏ.ஹெச்.ஐ. 5-க்கு மேல் இருக்கலாம் என்று 2019-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது.

பரிசோதனை இல்லாமல் நேராகக் கருவியே செய்துகொள்ளலாமா?

வேண்டாம். என்னிடம் அப்படி வருபவர்களை நான் முதலில் தூக்க மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். காரணம் எளிமையானது: முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல், பின்னால் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல வழியில்லை. இன்னொன்று, தொண்டை அடைக்காமலேயே, மூளையிலிருந்து "மூச்சு விடு" என்ற கட்டளை வராமல் நிற்கும் ஒரு வகை ஆப்னியாவும் இருக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்கும், சில வலி மருந்துகளை நீண்டநாள் எடுப்பவர்களுக்கும் அது வரலாம். தாடையை எவ்வளவு இழுத்தாலும் அதற்குப் பலன் இல்லை.

சிபேப் இயந்திரத்தைவிட இது நல்லதா?

மூச்சுத்தடையைக் குறைப்பதில் சிபேப்தான் முன்னால் நிற்கிறது. மூக்கில் மாட்டும் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் அந்த முறையை 1981-ல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் உலகுக்குச் சொன்னார். இன்றுவரை தீவிர ஆப்னியாவுக்கு முதலில் சொல்வது அதைத்தான். நானும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் இயந்திரம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது பாதிக் கதை. எத்தனை மணி நேரம் மாட்டியிருக்கிறீர்கள் என்பது மீதிக் கதை. 2013-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், ஒரே ஆட்களுக்கு ஒரு மாதம் சிபேப், ஒரு மாதம் வாய்க் கருவி என மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சிபேப்பில் ஏ.ஹெச்.ஐ. சராசரியாக 4.5-க்கு இறங்கியது, கருவியில் 11.1 வரைதான் இறங்கியது. ஆனால் சிபேப்பை ஓர் இரவுக்குச் சராசரியாக 5.2 மணி நேரம்தான் பயன்படுத்தினார்கள், கருவியை 6.5 மணி நேரம். பகல் தூக்கக் கலக்கத்திலும் ரத்த அழுத்தத்திலும் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2024-ல் சிங்கப்பூரிலிருந்து வெளியான இன்னொரு ஆய்வில், ரத்த அழுத்தமும் ஆப்னியாவும் சேர்ந்திருந்த 40 வயதுக்கு மேற்பட்டவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் கருவிக் குழுவில் 24 மணி நேரச் சராசரி ரத்த அழுத்தம் 2.5 புள்ளி இறங்கியிருந்தது. சிபேப் குழுவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இரவில் 6 மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தியவர்கள் கருவிக் குழுவில்தான் மிக அதிகம்.

இதை வைத்து "அப்படியானால் கருவியே போதும்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சிபேப்பை இரவு முழுக்கப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்றால், தயவுசெய்து அதை விடாதீர்கள். அது உங்களுக்குப் பொருந்திவிட்டது. முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தூங்குபவர்களுக்கும், இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டவர்களுக்கும், லேசான அல்லது மிதமான ஆப்னியாவோடு முதலிலேயே கருவியை விரும்புபவர்களுக்கும், வெறும் குறட்டை மட்டும் உள்ளவர்களுக்கும் இந்தக் கருவி நல்ல வழி. அமெரிக்கத் தூக்க மருத்துவர்களும் தூக்கப் பல் மருத்துவர்களும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது.

யாருக்கு நன்றாக வேலை செய்கிறது?

முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை. மல்லாந்து படுக்கும்போது மட்டும் மோசமாகிறவர்கள், எடை அதிகம் இல்லாதவர்கள், கீழ்த்தாடை சற்று உள்வாங்கியவர்கள், ஆப்னியா லேசாக இருப்பவர்கள் ஆகியோருக்குப் பலன் அதிகம். தோராயமாகச் சொன்னால் மூன்றில் ஒருவருக்கு ஏ.ஹெச்.ஐ. முழுக்க இயல்பாகிறது. இன்னொரு மூன்றில் ஒருவருக்குப் பாதிக்கு மேல் குறைந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மீதிப் பேருக்குப் போதிய பலன் கிடைப்பதில்லை. கடைசிக் குழுவில் நீங்கள் இருக்கலாம் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே மருத்துவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

யாருக்குச் செய்யக் கூடாது?

ஈறு நோயால் பற்கள் ஆடிக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கருவி பற்களைப் பிடித்துக்கொண்டுதான் தாடையை இழுக்கிறது, ஆடும் பல்லில் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. பொதுவாக ஒவ்வொரு தாடையிலும் எட்டிலிருந்து பத்து உறுதியான பற்களாவது வேண்டும். கீழ்த்தாடையை 5 மி.மீ. அளவுகூட முன்னே நீட்ட முடியாதவர்கள், தாடை மூட்டில் கடும் வலி இருப்பவர்கள், வாயைத் திறக்கவே சிரமப்படுபவர்கள் ஆகியோருக்கும் இது சரிவராது. வாந்தி உணர்வு அதிகம் உள்ளவர்கள் பழகிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் காரணமாக வைத்து மறுக்க மாட்டேன்.

பல் செட் போட்டிருக்கிறேன். முடியுமா?

மேலே முழு செட், கீழே சொந்தப் பற்கள் என்றால் சில சமயம் முடியும். கீழே பற்களே இல்லை என்றால் தாடையைப் பிடிக்க ஆதாரம் இல்லை. இம்பிளான்ட் வைத்திருந்தால் அதை வைத்து யோசிக்கலாம்.

கடையில் விற்கும், வெந்நீரில் போட்டுக் கடிக்கும் கருவி போதாதா?

வெந்நீரில் இளகவைத்து, வாயில் வைத்துக் கடித்தால் பல்லின் வடிவத்துக்கு வந்துவிடும் கருவிகளைத்தான் கேட்கிறீர்கள். அவற்றுக்குப் பலனே இல்லை என்று சொன்னால் பொய். பிரிட்டனில் நடந்து 2014-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், லேசான, மிதமான ஆப்னியா உள்ளவர்களிடம் அப்படிப்பட்ட ஒரு கருவி ஏ.ஹெச்.ஐ.யை 26 சதவீதம் குறைத்தது. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்தது 36 சதவீதம் குறைத்தது. வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவுதான்.

ஆனால் அந்தக் கருவி வாயில் பெரிதாக இருக்கும், இரவில் கழன்று விழும், சில மாதங்களில் தளர்ந்துவிடும். தாடை எவ்வளவு முன்னே வர வேண்டும் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் வசதி பெரும்பாலானவற்றில் இல்லை, இருந்தாலும் கவனிக்க ஆள் இல்லை. வெறும் குறட்டைதான் என்று பரிசோதனையில் உறுதியானவர் சில வாரம் போட்டுப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆப்னியா உள்ளவர் அதையே சிகிச்சையாக நம்பி வருடக்கணக்கில் இருந்துவிடுவதுதான் எனக்குக் கவலை.

செய்யும் முறை எப்படி? எத்தனை முறை வர வேண்டும்?

முதல் வருகையில் பற்கள், ஈறு, தாடை மூட்டு எல்லாம் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, வாய்க்குள் அச்சோ ஸ்கேனோ எடுப்போம். உங்கள் கீழ்த்தாடை எவ்வளவு பின்னால் போகும், எவ்வளவு முன்னால் வரும் என்று ஒரு சிறிய அளவுகோலைக் கடிக்கவைத்து அளப்போம். உங்களால் நீட்ட முடிந்த அதிகபட்ச அளவில் பாதி அல்லது அதற்குச் சற்று மேலே இருந்து தொடங்குவது வழக்கம். சில வாரத்தில் கருவி வரும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. கருவியில் இருக்கும் சிறு திருகையோ பட்டையையோ மாற்றி, சில நாட்களுக்கு ஒருமுறை கால் அல்லது அரை மி.மீ. என்று முன்னே நகர்த்துவோம். குறட்டை, பகல் களைப்பு, தாடை வலி மூன்றையும் பார்த்துக்கொண்டே போவோம். சீக்கிரம் பலன் வேண்டும் என்று நீங்களாகவே வேகமாக நகர்த்தினால் தாடை வலிதான் மிஞ்சும். இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வாருங்கள்.

இதைப் போட்டுக்கொண்டு தூக்கம் வருமா?

முதல் வாரம் வராமல் போகலாம். எச்சில் ஊறித் தலையணை நனையும், அல்லது வாய் வறண்டுபோகும். காலையில் பற்கள் இறுக்கமாக, கூசுவதுபோல இருக்கும். தூக்கத்தில் கழற்றி எறிந்துவிட்டு, காலையில் போர்வைக்குள் தேடுபவர்கள் உண்டு. இதெல்லாம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும்.

தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாட்டிக்கொண்டு ஏதாவது படியுங்கள், யாரிடமாவது பேசிக்கொண்டிருங்கள். நாக்கு அதற்குப் பழகட்டும். முதல் நாள் இரண்டு மணி நேரம் மட்டும் தாங்கினாலும் பரவாயில்லை. மூக்கடைப்பு இருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மூக்கு அடைத்திருக்கும்போது வாயில் எதைப் போட்டாலும் மூச்சு முட்டுவதுபோலத்தான் இருக்கும்.

கருவி போட்டால் தூக்கம் எப்படி மாறுகிறது?

நீங்கள் தூங்கும் மணி நேரம் பெரிதாக மாறாது, தூக்கத்தின் தரம்தான் மாறுகிறது. நல்ல தூக்கம் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. மேலோட்டமான உறக்கத்தில் தொடங்கி ஆழ்ந்த உறக்கத்துக்கு இறங்கி, பின் கனவு காணும் கட்டத்துக்கு வந்து, சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தச் சுற்று திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆப்னியா உள்ளவர் ஆழத்துக்கு இறங்கத் தொடங்கும்போதே மூச்சு அடைத்து மேலே இழுக்கப்படுகிறார். கனவுக் கட்டத்தில் உடல் தசைகள் மிகவும் தளர்ந்துவிடுவதால் அங்கேதான் பலருக்கு அடைப்பு மிக மோசமாக, மிக நீளமாக இருக்கும். அந்தக் கட்டம் அதிகாலையில்தான் அதிகம் வரும். விடியற்காலைக் குறட்டை மோசமாக இருப்பதாக வீட்டில் சொல்வதும், காலையில் எழும்போது தலை கனப்பதும் இதனால்தான்.

கருவி நன்றாக வேலை செய்தால் இந்த அரைகுறை விழிப்புகள் குறைகின்றன. மேலோட்டமான உறக்கத்தின் பங்கு குறைந்து ஆழ்ந்த உறக்கத்துக்கும் கனவுத் தூக்கத்துக்கும் இடம் கிடைக்கிறது. பலர் என்னிடம் முதலில் சொல்லும் மாற்றம் "கனவு வருகிறது டாக்டர்" என்பது. அடுத்து, ராத்திரி பாத்ரூம் போவது குறைந்துவிட்டது என்பார்கள். மூச்சு அடைக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயம் இழுபடுகிறது, அது சிறுநீரை அதிகம் சுரக்கவைக்கும் ஹார்மோனை வெளியிடுகிறது. அடைப்பு நின்றால் அதுவும் நிற்கிறது.

பகல் களைப்பு உடனே போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலருக்கு ஒரே வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். பக்கத்தில் படுப்பவரின் தூக்கம்தான் முதல் இரவிலேயே மாறிவிடுகிறது!

குறட்டை நின்றுவிட்டது. அப்புறம் எதற்குப் பரிசோதனை?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

இந்த வேலையைத் தொடங்கிய வருடங்களில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்குக் கருவி செய்து கொடுத்தேன். இரண்டு மாதத்தில் குறட்டை அடியோடு நின்றது. அவர் மனைவி கைகூப்பி நன்றி சொன்னார். நானும் மகிழ்ந்து, "இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் போதும்" என்று அனுப்பிவிட்டேன். கருவியோடு மறுபரிசோதனை செய்யச் சொல்லவில்லை. அது என் தவறு. ஒரு வருடம் கழித்து வந்தார். காலைத் தலைவலி போகவில்லை, ரத்த அழுத்த மாத்திரை கூடியிருந்தது. கருவியைப் போட்டுக்கொண்டே தூங்கவைத்துப் பதிவு செய்தபோது, ஆக்சிஜன் மணிக்குப் பலமுறை இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும்தான் போயிருந்தது. அடைப்பு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. சத்தம் இல்லாததால் வீட்டில் யாரும் கவனிக்கவும் இல்லை. அந்த ஒரு வருடம் அவருக்குத் திரும்பக் கிடைக்காது. பிறகு தாடையை இன்னும் இரண்டு மி.மீ. நகர்த்தி, பக்கவாட்டில் படுக்கப் பழக்கி, மீண்டும் பரிசோதித்த பிறகுதான் எண் இறங்கியது.

மெல்லண்ணம் படபடப்பதை நிறுத்த வழி கொஞ்சம் அகன்றாலே போதும். அடைப்பே வராமல் இருக்க அதைவிட அதிகமாக அகல வேண்டும். அதனால் பெரும்பாலும் சத்தம் முதலில் நிற்கும், நோய் பின்னால்தான் அடங்கும், சிலருக்கு அடங்காமலே போகும். சரிசெய்து முடித்ததும் கருவியை வாயில் மாட்டிக்கொண்டு ஒரு இரவு பரிசோதனை. இதை உங்கள் மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். போனில் குறட்டையைப் பதிவு செய்யும் செயலிகளும், விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிஜன் மீட்டரும் இதற்கு ஈடாகாது. எடை ஐந்தாறு கிலோ கூடினாலோ, பழைய அறிகுறிகள் திரும்பினாலோ மறுபடியும் பரிசோதியுங்கள்.

பற்கள் நகர்ந்துவிடுமா?

நகரும். மறைக்க விரும்பவில்லை. தாடையை முன்னே பிடித்துவைக்கும் விசை எதிர்வினையாக மேல் முன்பற்களை உள்ளேயும் கீழ் முன்பற்களை வெளியேயும் தள்ளுகிறது. சில வருடப் பயன்பாட்டில் சராசரியாக 1 மி.மீ. அளவுக்கு மாற்றம் வருகிறது, வருடங்கள் கூடக்கூட மெதுவாக அதுவும் கூடுகிறது. சிலருக்குக் கடைவாய்ப் பற்கள் முன்போல அழுந்திச் சேராது. பாதிப் பேருக்கு இது நடப்பதே தெரியாது, நான் அளந்து சொன்னால்தான் தெரியும். மேல்பற்கள் தூக்கலாக இருப்பவர்களுக்கு முன்பைவிட அழகாகக்கூட ஆகிவிடும்.

இதோடு சேர்த்து, காலையில் கருவியைக் கழற்றியதும் கீழ்த்தாடை பழைய இடத்துக்குத் திரும்பாததுபோல ஒரு உணர்வு இருக்கும். கடைவாயில் மெல்ல வராது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட வேண்டும். அதற்காகவே முன்பற்களுக்கு இடையில் வைத்துக் கடிக்கும் ஒரு சிறு அச்சையும் சேர்த்துக் கொடுப்போம். தினமும் காலை சில நிமிடம் அதைக் கடித்துத் தாடையைப் பின்னால் கொண்டுவாருங்கள். கருவி பழகிவிட்டதும் பலர் முதலில் கைவிடுவது இந்தப் பயிற்சியைத்தான். மதியம் வரையிலும் கடி சேரவில்லை என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் வாருங்கள்.

மூச்சடைப்பு நின்று, ரத்த அழுத்தமும் பகல் தூக்கமும் குறைந்திருக்கும்போது, 1 மி.மீ. பல் நகர்வுக்காகக் கருவியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. முடிவு உங்களுடையது. ஆனால் தெரிந்து எடுக்க வேண்டிய முடிவு.

தாடை மூட்டு வலிக்கிறது. நிறுத்திவிடலாமா?

முதல் சில வாரம் லேசான வலி சகஜம். அரை மி.மீ. பின்னால் நகர்த்தி, வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். வாய் திறக்க முடியாதபடி பூட்டிக்கொண்டாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ கழற்றி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பேன். கருவி உடையாதா?

உடைந்ததுண்டு. முன்பே சொல்லிவிட்டால் உறுதியான வகையில் செய்யலாம். பற்கடிப்பவர்களுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும், மேல்பற்களுக்கு மட்டுமான தட்டு வேறு, இது வேறு. ஆப்னியா உள்ளவருக்கு அந்த மேல்தட்டு மட்டும் போட்டால் சிலருக்கு மூச்சடைப்பு கூடவும் வாய்ப்பிருக்கிறது. பற்கடிப்புக்குத் தட்டு செய்ய வருபவர்களிடம் நான் குறட்டையைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை.

குழந்தை குறட்டை விடுகிறது. இதைப் போடலாமா?

பெரியவர்களுக்கான கருவியைக் குழந்தைகளுக்குப் போடக் கூடாது, தாடை வளர்ந்துகொண்டிருக்கிறது. குழந்தைகளின் குறட்டைக்குப் பெரும்பாலும் டான்சிலும் மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டும்தான் காரணம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். மேலண்ணம் மிகக் குறுகலாக இருந்தால் அதை அகலப்படுத்தும் பல் சீரமைப்புச் சிகிச்சை சிலருக்கு உதவும். குழந்தைக்கும் ஏ.ஹெச்.ஐ. பார்ப்பார்கள், ஆனால் அதன் அளவுகோல் வேறு: மணிக்கு ஒன்றுக்கு மேல் இருந்தாலே கவனிப்பார்கள்.

எடை குறைத்தால் கருவி தேவைப்படாதா?

சிலருக்குத் தேவைப்படாமல் போகும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருடம் தொடர்ந்து கவனித்ததில், எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு ஏ.ஹெச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறைந்தது. 10 சதவீதம் கூடியவர்களுக்கு சுமார் 32 சதவீதம் ஏறியது. டிர்செபடைட் என்ற எடைக் குறைப்பு ஊசி மருந்தை, உடல் பருமனோடு மிதமான அல்லது தீவிர ஆப்னியா உள்ளவர்களுக்குக் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதி தந்தது. ஆனால் எடை குறைய மாதங்கள் ஆகும், மூச்சு இன்று ராத்திரியே அடைக்கிறது. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் ஆப்னியா வரும் என்பதையும் மறக்க வேண்டாம். தாடை அமைப்பே காரணமாக இருக்கலாம்.

தூங்கப் போகும் நேரத்தில் மது அருந்துவதும், தூக்க மாத்திரை போடுவதும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். கருவி போட்டிருந்தாலும் அன்றைக்கு நிலைமை மோசமாகலாம்.

வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கினால் போதும் என்கிறார்களே?

ஆப்னியா இருக்கிறதா என்று தெரியாமல் செய்யவே செய்யாதீர்கள். மூக்கும் அடைத்துக்கொண்டால் மூச்சுக்கு வேறு வழி இருக்காது.

சிபேப்பும் கருவியும் சேர்த்துப் போடலாமா?

போடலாம், சிலருக்கு நல்ல பலன் தருகிறது. கருவி வழியைக் கொஞ்சம் திறந்து வைப்பதால் சிபேப்பின் காற்றழுத்தத்தைக் குறைக்க முடிகிறது. வீட்டில் சிபேப், பயணத்தில் கருவி என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். தூக்க மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

எப்படிக் கழுவுவது? எத்தனை வருடம் உழைக்கும்?

காலையில் கழற்றியதும் குளிர்ந்த நீரில், மென்மையான பிரஷும் சாதாரண சோப்பும் போட்டுக் கழுவி, உலர்த்திப் பெட்டியில் வையுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். பற்பசையும் வேண்டாம், கீறல் விழுந்து அதில் அழுக்கு சேரும். மாட்டும் முன் பல் துலக்குங்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், நாய்கள் இதை விரும்பிக் கடிக்கின்றன. நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரும். புதிதாகப் பல் அடைத்தாலோ கேப் போட்டாலோ கருவி பொருந்தாமல் போகலாம், வேலை தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் கருவியைக் காட்டிவிடுங்கள்.

ஒரு நாள் போடாமல் விட்டால்?

அன்று ராத்திரி பழைய குறட்டையும் பழைய அடைப்பும் திரும்பும். வாயில் இருக்கும் வரைதான் கருவிக்குப் பலன்.

என் கணவர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

இந்தப் போன் அடிக்கடி வரும். சில சமயம் மனைவியைப் பற்றிக் கணவரிடமிருந்தும் வரும். குறட்டை விடுபவருக்குத் தன் குறட்டை கேட்பதில்லை, மூச்சு நின்றதும் தெரிவதில்லை. அதனால் குற்றம் சாட்டுவதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ராத்திரி அவர் மூச்சு நின்று திரும்புவதை, முகம் தெரியும்படி, இரண்டு மூன்று நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். சண்டையின் நடுவில் காட்டாதீர்கள். காலையில் காபி குடிக்கும் நேரத்தில் இருவரும் தனியாக இருக்கும்போது காட்டுங்கள். "உங்கள் சத்தத்தால் என் தூக்கம் போகிறது" என்பதைவிட, "நீங்கள் மூச்சு விடாமல் கிடந்ததைப் பார்த்து எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்" என்று சொல்லுங்கள். வாகனம் ஓட்டும்போது அவருக்குக் கண் சொருகுகிறது என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், பரிசோதனை முடியும்வரை ஓட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை ஒன்றுக்கு மருத்துவமனையில் சேரப் போகிறேன். கருவியை எடுத்துப் போகலாமா?

கட்டாயம் எடுத்துப் போங்கள். அதைவிட முக்கியம், ஆப்னியா இருப்பதை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் தொண்டையைத் தளர்த்துவதால் அறுவைக்குப் பிந்தைய இரவுகள்தான் அதிகக் கவனம் தேவைப்படும் நேரம். கடைசியாகச் செய்த தூக்கப் பரிசோதனையின் தாளையும் கருவியின் பெட்டியிலேயே மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.